தகரச் சீட்டில் தகப்பன் பெயர்

ஸ்ரீரங்கம், மேலூர் ரோடு
7-4-1957

பிச்சமுத்து அண்ணனுக்கு,

நேற்றோடு நீலச் செடி போய்விட்டது. ஈரச்சாக்கு கட்டினேன், கிணற்றடி நிழலில் தொங்கவிட்டேன், மத்தியான மணி அடித்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்து தண்ணீர் தெளித்தேன். குளிர்மலையில் பிறந்தது. திருச்சிப் பங்குனியை அது எங்கே தாங்கும்? உங்கள் சிநேகிதர், என் அழகிரி அண்ணன், அஸ்ஸாமில் ரயில்வே கார்டாக இருந்தபோது ஷில்லாங் பக்கத்து மலையிலிருந்து பாசி சுற்றி அனுப்பிய ஆர்க்கிட். அனுப்பியவர் போன ஆனியில் அங்கேயே காய்ச்சலில் போனார். அவர் செடி இங்கே வெயிலில் போயிற்று.

இனி மிஞ்சியது உங்களிடம் இருக்கும் ஹோமியோபதிக் குப்பிதான். கார்த்திகையில் பூத்த அந்த ஒரே கொத்திலிருந்து நாம் எடுத்த மகரந்தம். வறுத்த அரிசி நடுவில் வைத்து, மெழுகால் மூடிக் கொடுத்தேனே, ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் சொல்லி ஐஸ்பெட்டியில் வைக்கிறேன் என்றீர்களே, பத்திரமாக இருக்கிறதா? உங்கள் குவார்ட்டர்ஸ் வேப்பமரத்தில் ஒட்டியிருக்கும் பழுப்பு வாண்டா ஆர்க்கிட் மொட்டு விட்டதா? நீலம் கார்த்திகையில் பூக்கிறது, நம் ஊர்ப் பழுப்பு சித்திரையில் பூக்கிறது. மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே முகூர்த்தத்துக்கு வந்து சேராத ஜோடி. அதற்காகத்தான் இந்தக் குப்பி வேலையெல்லாம். நம் ஊர்ச் செடியின் உடம்பும் மலைச் செடியின் நிறமும் ஒரே பிள்ளைக்கு வந்தால் அது இந்த வெயிலில் பிழைக்கும்.

நீங்களே செய்யுங்கள். ரயில்வே பெயிண்ட் ஷாப்பில் கூட்ஸ் வாகனுக்கு நம்பர் எழுதும் கை நடுங்காது என்று அண்ணன் சொல்வார். என் கை நடுங்கும்.

மயிலம்மாள் அண்ணி இன்னும் துறையூரில் தாய்வீட்டில்தான் இருக்கிறார். வருஷ துக்கம் முடிந்ததும் என்னோடு வந்துவிடுவார். நீலத்தைப் பற்றி, அண்ணன் எழுதிய கடிதத்தில் அவர் படித்ததோடு சரி. புதுக் கலப்பினம் பூத்ததும் லண்டனில் ஒரு பெரிய பதிவுப் புத்தகத்தில் ஏற்றுவார்களாம். தாய் பெயர், தகப்பன் பெயர் இரண்டையும் கொடுத்தால்தான் பிள்ளைக்குப் பெயர். 'வாண்டா அழகிரி' என்று வைப்போம். பிள்ளை இல்லாமல் போனவருக்கு இதுவாவது இருக்கட்டும்.

அமிர்தம்

பொன்மலை
29-4-1957

தங்கச்சி அமிர்தத்துக்கு,

வேலை முடிந்தது. சித்திரை பத்தாம் தேதி காலையில் தீக்குச்சி முனையால் வைத்தேன். மூன்றாம் நாள் பூ மூடிக்கொண்டது. காம்பு பச்சையாகவே நிற்கிறது, காய் பிடித்த மாதிரிதான்.

தகரத்தில் சீட்டு வெட்டி, தாய் பொன்மலைப் பழுப்பு, தகப்பன் அழகிரி நீலம் என்று பெயிண்டில் எழுதிக் கட்டியிருக்கிறேன். மழைக்கும் போகாது. குப்பியைக் கழுவி வைத்துவிட்டேன்.

இந்த மாதம் முழுக்க ஓவர்டைம். நேரில் வர முடியாது. காய் முற்றியதும் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன்.

பிச்சமுத்து

ஸ்ரீரங்கம்
2-3-1958

பிச்சமுத்து அண்ணனுக்கு,

உங்கள் ஷாப் பையன் தைரியராஜ் சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்த காயை அன்றைக்கே பிரித்தேன். விதை என்று சொல்ல முடியாது, முகப்பவுடர். ஒரு தும்மல் போட்டால் லட்சம் பிள்ளைகள் போய்விடும். பத்திரிகையில் போட்டிருந்தபடி கடல்பாசி, சர்க்கரை, உப்புகள் சேர்த்துக் காய்ச்சி, குளுக்கோஸ் பாட்டில்களில் ஊற்றி, இட்லிக் கொப்பரையில் ஆவி பிடிக்க வைத்தேன். பதினெட்டு பாட்டிலில் பதினைந்து பூஞ்சை பிடித்துவிட்டது. மூன்றில் மட்டும் பச்சைப் புள்ளிகள் தெரிகின்றன. கடுகில் பாதிகூட இல்லை. ஆனால் பச்சை!

அண்ணி இங்கே வந்துவிட்டார். பாட்டில் பக்கம் எறும்பு போகாமல் காவல் காப்பதுதான் அவர் உத்தியோகம். காயோடு நீங்கள் அனுப்பிய தகரச் சீட்டை ஆணியில் மாட்டியிருக்கிறார். புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டாரே, அதனால் அந்த எழுத்தைத் தினம் விரலால் தடவிப் பார்க்கிறார். "பூவுக்கும் அதே பேரு வச்சா நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க அண்ணி?" என்று சீண்டினேன். "நீ கூப்பிடு, நான் பாத்துக்கறேன்" என்கிறார்.

ஏழு மைல் தூரத்தில் இருந்துகொண்டு பத்து மாதமாக எட்டிப் பார்க்கவில்லை. ஓவர்டைமுக்கும் ஒரு முடிவு கிடையாதா?

அமிர்தம்

பொன்மலை
19-3-1958

தங்கச்சிக்கு,

சந்தோஷம். நாற்று பெரிதானால் சட்டியில் போட என்று வேப்பங்கரி ஒரு மூட்டை தைரியராஜிடம் கொடுத்திருக்கிறேன். வீட்டில் ராக்கம்மாளுக்கு முழங்கால் வலி. எனக்கும் உடம்பு ஒரு நிலையில் இல்லை. பிறகு வருகிறேன்.

அந்தத் தகரச் சீட்டு வெளிச்சத்தில் இருந்தால் வெளுத்துவிடும். கழற்றி உள்ளே வைத்துவிடச் சொல்.

பிச்சமுத்து

ஸ்ரீரங்கம்
10-1-1960

பிச்சமுத்து அண்ணனுக்கு,

வேப்பங்கரிச் சட்டியில் இருபத்திரண்டு நாற்றுகள் உயிரோடு நிற்கின்றன. அண்ணி ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் சொல்கிறார். எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிகிறது. சம்பளம் வாங்கிக்கொண்டு விஞ்ஞானம் சொல்லிக்கொடுப்பவள் நான்!

ஒரு சங்கடம். துறையூரிலிருந்து அண்ணியின் தம்பி ராமர் வந்திருந்தார். "அப்பா சொன்ன ரெண்டு ஏக்கரு அக்காவுக்குத்தான். ஆனா அங்க வந்து இருந்தாத்தான். தை முடியறதுக்குள்ள வந்துடணும், இல்லேன்னா சின்னவன் பேருக்கு எழுதிடுவேன்" என்றார். அண்ணி நிதானமாக, "பூ பாத்துட்டு வரேன் தம்பி" என்றார். பூக்க இன்னும் நான்கு வருஷம் ஆகும் என்று நான் சொன்னேன். "ஆகட்டுமே" என்று எழுந்து தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். ராமர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

பெரியவராக ஒரு வார்த்தை நீங்கள் வந்து சொன்னால் கேட்பார். நிலமும் வேண்டும், பூவும் வேண்டும் என்று ஏதாவது வழி பாருங்கள். இதற்காவது வாருங்கள்.

அமிர்தம்

பொன்மலை
24-1-1960

அமிர்தம்,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

அந்தச் சட்டிகளில் அழகிரியின் நீலம் இல்லை. ஒன்றில்கூட இல்லை.

குப்பியை நான் ஐஸ்பெட்டியில் வைக்கவில்லை. கம்பவுண்டரிடம் போய்க் கேட்க வெட்கம். "பூத்தூளை எதுக்குய்யா ஐஸ்ல வைக்கிறே?" என்பான், மறுநாள் ஷாப் முழுக்கச் சிரிப்பார்கள். குளிர்ச்சிதானே வேண்டும் என்று வீட்டில் குடிதண்ணீர்ப் பானைக்கு அடியில் இருக்கும் மணலில் புதைத்து வைத்தேன். ஈரம் ஆகாது என்று நீ படித்துப் படித்துச் சொன்னது அப்போது என் புத்தியில் ஏறவில்லை. மெழுகு வெடித்திருக்கிறது. வேப்பமரத்தில் பூ விரிந்த அன்று திறந்தேன். அரிசி பூசணம் பூத்துக் கட்டியாக இருந்தது. மகரந்தம் தொட்டால் கரைந்தது, ஒரு நாற்றம் வேறு.

நீலச் செடி போய்விட்டது, மிஞ்சியது குப்பிதான் என்ற உன் கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வேன்? ஷெட்டுக்குப் பின்னால் இன்னொரு மரத்தில் இன்னொரு பழுப்புச் செடி பூத்திருந்தது. அதிலிருந்து எடுத்து இதில் வைத்தேன். எதற்கு வைத்தாய் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வெறுமனே விட மனசு வரவில்லை. காய் பிடிக்காது, பலிக்கவில்லை என்று எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன். பிடித்துத் தொலைத்தது.

பத்தொன்பது வருஷ சர்வீஸில் ஒரு வாகன் நம்பர் தப்பாக எழுதியதில்லை. அந்தச் சீட்டை மட்டும் பொய்யாக எழுதினேன். ஓவர்டைமும் இல்லை, ராக்கம்மாளுக்கு முழங்கால் வலியும் இல்லை. மயிலம்மாள் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் வரவில்லை.

நீ உடனே சொல்லிவிடு. நிலம் போய்விடக் கூடாது. என்னைத் திட்டட்டும், காறித் துப்பட்டும். நிலம் போகக் கூடாது.

பிச்சமுத்து

ஸ்ரீரங்கம்
21-2-1960

உங்கள் கடிதம் வந்த அன்று சொல்லத்தான் போனேன். அண்ணி ஈரத்துணியால் இலை துடைத்துக்கொண்டிருந்தார். "இது பாரு, அவரு மாதிரியே ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது" என்றார். சொல்லவில்லை. மறுநாள் சொல்லலாம் என்று விட்டேன். மறுநாளும் விட்டேன். தை முடிந்து மாசியும் பிறந்துவிட்டது. ராமர் நிலத்தைச் சின்னவன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாக நேற்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

நான் வாயைத் திறந்திருந்தால் அண்ணி வண்டி ஏறியிருப்பார். உங்கள் பொய்க்கு மூன்று வருஷம். என் மௌனத்துக்கு ஒரு மாதம். எது பெரியது என்று நீங்கள் கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டாம். இப்போது சொன்னால் நிலமும் போய், பூவும் போய், அவருக்கு என்னதான் இருக்கும்? பாதிப் பாவத்தை என் தலையில் ஏற்றி வைத்துவிட்டீர்கள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இனி எழுதாதீர்கள்.

அமிர்தம்

பொன்மலை
5-8-1962

அமிர்தத்துக்கு,

எழுதாதே என்றாய். இரண்டரை வருஷம் எழுதவில்லை. இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

அழகிரியோடு அங்கே வேலை பார்த்த ஒருவரின் விலாசத்தைத் தேடிப் பிடித்தேன். நாலு கடிதம் போட்டு, ஒரு நீல வாண்டா வரவழைத்திருக்கிறேன். அதே மலை, அதே ஜாதி. முந்தாநாள் பார்சலில் வந்தது, இலை வாடவில்லை. தைரியராஜ் கொண்டுவருவான். உன் நாற்றுச் சட்டி மாதிரியே ஒரு சட்டியில் கரி போட்டு நட்டிருக்கிறேன். மற்ற சட்டிகளுக்கு நடுவில் வைத்துவிடு. கார்த்திகையில் பூத்தால் மயிலம்மாள் நீலம் பார்த்துவிடுவார். அதற்குமேல் யார் என்ன கேட்கப்போகிறார்கள்?

தப்புத்தான். தெரிந்துதான் சொல்கிறேன். உனக்கும் இதைத் தவிர வேறு வழி இருக்கிறதா?

பிச்சமுத்து

ஸ்ரீரங்கம்
16-9-1962

பிச்சமுத்து அண்ணனுக்கு,

உங்களைத் திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. நடுவரிசையில் மூன்றாவதாக வைத்தேன். வைத்தது நான்தான், என் கையால்தான்.

அண்ணி மறுநாள் காலை தண்ணீர்ச் செம்போடு வந்து அந்தச் சட்டி முன் நின்றார். நான் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "அமிர்தம், இது யாரு வீட்டுப் புள்ளை?" என்று கேட்டார். நம் இலை மடிந்து குறுகலாக இருக்கிறதாம், இது அகலமாம். நம் இலைநுனி ஒரு மாதிரி வெட்டுப்பட்டிருக்கிறதாம், இது வேறு மாதிரியாம். புத்தகத்தைப் பார்த்தேன். இரண்டு ஜாதியையும் பிரித்தறிய அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே சொல்கிறார். அந்தப் புத்தகத்தில் ஒரு வரி படிக்காதவர்.

"பிச்சமுத்து அண்ணன் பிரியமாக் கொடுத்தது" என்றேன். "அவரு செடி அனுப்புவாரு, ஆனா வரமாட்டாரு" என்று சிரித்தார். தனியாக எடுத்துக் கிணற்றடியில் தொங்கவிட்டிருக்கிறார். அடுத்த கோடையை அது தாண்டாது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பூக்கும் வயசும் இன்னும் வரவில்லை.

நல்லவேளை பிடிபட்டேன் என்று ஒரு பக்கம் நிம்மதியாகக்கூட இருக்கிறது.

அமிர்தம்

ஸ்ரீரங்கம்
22-4-1964

பிச்சமுத்து அண்ணனுக்கு,

பூத்துவிட்டது.

ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும் அந்த நாற்றுதான் முதலில் பூத்தது. ஐந்து பூ. பழுப்புக் கட்டம் போட்ட இதழ், நடுவில் உதடு மாதிரித் தொங்கும் ஊதா இதழ், நல்ல வாசனை. உங்கள் வேப்பமரத்தில் பூக்கும் அதே பூ.

அண்ணி குளித்துவிட்டு வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நான் பொறுக்க முடியாமல், "உதட்டைப் பாருங்க அண்ணி, நீலம் கலந்திருக்கு" என்றேன். அந்த ஜாதிக்கே உதடு அந்த நிறம்தான். அது எனக்குத் தெரியும், தெரிந்தும் சொன்னேன்.

"இது எங்க ஊரு புளியமரத்துப் பூ. ஆடு மேய்க்கிற புள்ளைக காதுல செருகிக்கும்" என்றார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. உள்ளே போய் அண்ணனுடைய கடிதங்களை எடுத்து வந்தார். "குவார்ட்டர்ஸ் கிடைச்சதும் கூட்டிட்டுப் போறேன்னு நாலு வருஷம் எழுதினாரு. அங்க வேற குடும்பம் இருக்குன்னு ஊர்ல சொன்னாங்க. நான் நம்பல. நீலப் பூ அனுப்பறேன்னு எழுதின மனுசன் பொய் சொல்வாரான்னு இருந்தேன். இப்பத் தெரிஞ்சு போச்சு. நீலமும் பொய், குவார்ட்டர்ஸும் பொய். நீயும் உங்கண்ணனைக் காப்பாத்தத்தானே நீலம் பூத்துச்சுன்னு சொன்னே?"

அழவில்லை அண்ணா. அழுதிருந்தால் தேவலை. கடிதங்களைக் கொடியில் கிடந்த பழைய துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டார். தகரச் சீட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டார்.

செத்துப்போன அண்ணன் நம் இரண்டு பேரால் பொய்யனாகிவிட்டார். நான் சொன்னால் நம்பமாட்டார், அண்ணனைக் காப்பாற்றுகிறேன் என்பார். செய்தவர் வாயால் கேட்டால்தான் நம்புவார். ஏழு வருஷம் வராதது போதும். வாருங்கள்.

அமிர்தம்

பொன்மலை
24-4-1964

அமிர்தத்துக்கு,

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். நீ முன்கூட்டி ஒன்றும் சொல்லாதே. உன் பேச்சை நான் எடுக்கமாட்டேன். எனக்கு நீ பரிந்து பேசவும் கூடாது.

பிச்சமுத்து

ஸ்ரீரங்கம்
29-4-1964

பிச்சமுத்து அண்ணனுக்கு,

உட்காரச் சொல்லியும் உட்காராமல், பானை, மணல், பூசணம், ஷெட்டுக்குப் பின்னால் இருந்த மரம் என்று ஒன்று விடாமல் சொன்னீர்கள். அண்ணி மோர் கொடுத்தார், குடித்தீர்கள், போனீர்கள். அவ்வளவோடு முடிந்தது என்று நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நீங்கள் தெருமுனை தாண்டியதும் கேட்டார்.

"அப்ப நீலம் நெசந்தானா?"

"நெசந்தான் அண்ணி. நான் பாத்தேன்."

"அவரு பொய் சொல்லல."

"சொல்லல."

அப்போதுதான் அழுதார். பரணிலிருந்து மூட்டையை இறக்கினார். நானும் அழுதேன், நான் செய்ததையும் சொல்லிவிட்டேன். நிலம் போன மாதத்தைச் சொன்னேன். "நிலம் கெடக்குது" என்றார். மனசு லேசாயிற்று என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது அவர் கேட்டது இது:

"அந்த நீலம் எத்தனை நாள் பூத்திருந்துச்சு?"

மகரந்தத்தை எடுத்துவிட்டால் பூ உடனே வாடத் தொடங்கும் என்று சொன்னேன். ஒன்று தவறினாலும் ஒன்று உதவட்டும் என்று ஏழு பூவிலும் எடுத்ததைச் சொன்னேன். இரண்டு நாளில் கொத்து முழுதும் தொங்கிவிட்டது.

"எடுக்காம இருந்தா?"

"ஒரு மாசம் நிக்கும்."

அண்ணி கணக்குப் போட்டார். என் கண் எதிரிலேயே விரல் விட்டுப் போட்டார். "நான் துறையூர்ல இருந்தேன். துக்கக்காரி, வெளிய வரக்கூடாது. சரி. நீங்க வரலாமே அமிர்தம். பஸ் ஓடுதே. சட்டியத் தூக்கிட்டு வந்து ஒரு தடவை காட்டியிருக்கலாமே. ஏழுல ஒரு பூவையாவது எனக்குன்னு விட்டு வச்சிருக்கலாமே."

அண்ணா, அது நம் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. வரப்போகும் பூவுக்குப் பெயர் வைக்கும் அவசரத்தில் வந்த பூவை நறுக்கினோம். பானைக்கு அடியில் வைத்ததை நீங்கள் ஏழு வருஷம் நினைத்து நினைத்துச் செத்தீர்கள். நான் என் மௌனத்தை நினைத்துச் செத்தேன். இதை ஒருநாளும் தப்பு என்றே நினைக்கவில்லை.

கடைசியாக, "என்ன நீலம் அது?" என்றார். என் நோட்டை எடுத்து வந்தேன். பூ ஏழு, அகலம் மூன்றரை அங்குலம், தண்டு பதினான்கு அங்குலம், உதடு எத்தனை, காம்பு எத்தனை, எல்லாம் எழுதியிருக்கிறேன். நிறம் என்ற இடத்தில் 'நீலம்' என்று மட்டும் இருக்கிறது. கண்ணை மூடிப் பார்த்தேன், வரவில்லை. உங்கள் தீக்குச்சி முனையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பூவைப் பார்க்கவில்லை.

நிறம் பார்த்தே பிழைக்கும் மனுஷர் நீங்கள். நீங்கள் பார்த்திருப்பீர்கள். வந்து சொல்லுங்கள், காத்திருக்கிறார்.

அமிர்தம்

பொன்மலை
3-5-1964

அமிர்தத்துக்கு,

பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். காலை வெயில் பின்னாலிருந்து விழுந்தது. தூரத்தில் மலை தெரியுமே, அந்த நீலத்தில் கொஞ்சம் பாலை விட்ட மாதிரி. இதழ் முழுக்க அதைவிட ஒரு பிடி அழுத்தமாக வலை ஓடும். நடுவில் உதடு மட்டும் கருநீலம். ஷாப்பில் இரண்டு நாள் கலந்து பார்த்தேன், கிட்டத்தில்கூட வரவில்லை. வாயால்தான் சொல்ல வேண்டும்.

அந்த நீலத்தைப் பார்த்தவர்களில் அழகிரி இப்போது உயிரோடு இல்லை. உனக்கு நினைவில்லை. மிச்சம் நான் ஒருத்தன்தான். எழுதிக் கொடுத்த பொய்யை அந்த அம்மா ஆறு வருஷம் விரலால் தடவிப் பார்த்தார்களே, அதை எழுதியவனும் நான்தான்.

அடுத்த ஞாயிறு வருகிறேன். இந்தத் தடவை உட்கார்ந்து, நிதானமாக, தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்கிறேன். "நீங்க சொன்னா நான் எப்படி நம்புறது?" என்று கேட்டால் கேட்கட்டும். கேட்பதுதான் நியாயம். இருந்தாலும் வருகிறேன்.

பிச்சமுத்து